கவர்னர் ஸ்பிரிங்கும் என் மூளையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். ஓட்டுகிறவள் என் மனைவி; குறை சொல்கிறவன் நான்.

கிருத்திகைக்கு முதல் நாள், பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் லுங்கிகளை நெய்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மறுநாளும் அவள் தறியில்தான் நிற்கவேண்டும். அவளோ தன் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, கிருத்திகையன்று மலைப்படி ஏறி வருவதாக முருகனிடம் வேண்டியிருந்தாள்.

ஜெனரேட்டரை முடுக்கினேன். அதன் டீசல் இன்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்த, கவர்னர் ஸ்பிரிங் என்று சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. இன்ஜின் சோர்ந்தால் இழுத்து டீசலைக் கூட்டும். துள்ளினால் விட்டுக்கொடுத்துக் குறைக்கும். அதை மாட்டும் தகட்டில் மூன்று ஓட்டைகள். எங்களுடையது எப்போதும் நடு ஓட்டையில் இருக்கும். கடைசி ஓட்டையில் மாட்டினால் ஸ்பிரிங் விறைக்கும், இன்ஜின் வேகமெடுக்கும், தறியும் பறக்கும். இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று கடைசி ஓட்டையில் மாட்டிவிட்டேன்.

இன்ஜின் அலறியது. அரை மணி நேரத்தில் தறியின் பாவு நூலில் ஏழெட்டு இழைகள் அறுந்தன. ஒவ்வொன்றுக்கும் தறியை நிறுத்தி முடிச்சுப் போடவேண்டும்.

"இன்னாங்க, இன்னைக்கு இப்டி அறுந்துகினே கீது?"

"நூல் சரியில்ல," என்றேன் கூசாமல்.

"சரி, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது தறிகள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. நூல் வேகத்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜின் சத்தம் தணிந்திருந்ததையும் என் திறமையில்தான் சேர்த்தேன். பொழுது சாய்வதற்குள் லுங்கிகளை அறுத்துக் கொடுத்தாயிற்று.

மறுநாள் மலையேறும்போது, கூட வந்த என் அக்கா கணவரிடம் ஒரே ஸ்பிரிங் புராணம்தான். "ஒரு ஓட்டைதான் மாத்தினேன் பாவா, வேலை எப்டி ஓடுச்சு தெரியுமா!" மனைவி படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி பின்னால் வந்தாள்.

அடுத்த வாரம் மறுபடியும் கரண்ட் போனது. டீசல் ஊற்றக் குனிந்தவன் பார்த்தேன்: ஸ்பிரிங் நடு ஓட்டையில் இருந்தது.

"நீயா மாத்தினே?"

"ஆங். நீங்க டீக்குப் போனீங்களே, அப்பவே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மலையேறும்போதே சொல்றதுக்கு இன்னா? பாவா கிட்ட எவ்ளோ பீத்திக்கினேன்!"

அவள் தறியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மாவுக்காக நான் மலையேறணும்னுதானே மாத்தினீங்க. அதப் போயி தப்புன்னு எப்டிங்க சொல்றது?"