ஒரு மாதம் முந்திய வாழ்த்து

கடைகளில் பில் போடுவதற்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன் முப்பது நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். கேட்கச் சின்ன வேலை. ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? கணினியின் திகதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வருடக்கணக்கில் ஓசியில் ஓட்டுவார்கள். அதனால் கடைசியாக என்றைக்குத் திறந்தார்கள் என்பதையும் எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க ஒரு மாதம் காத்திருக்க முடியுமா? என் கணினியின் திகதியை நானே முன்னுக்குத் தள்ளிவிடுவேன்.

வேலை ஹவுன்ஸ்லோவில் என் வீட்டிலிருந்தேதான். மனைவி காலமான பிறகு இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லக்கூட ஆளில்லை. குப்பை வண்டி வந்தால் செவ்வாய், அவ்வளவுதான்.

மகள் காரில் அரை மணி தூரத்தில், ஹரோவில் இருக்கிறாள். பாசமில்லாத பிள்ளை இல்லை. வேலை, பிள்ளைகள், ஓட்டம். நான் போன் எடுத்தால் உடனே, "என்னப்பா, ஏதும் பிரச்சினையோ?" என்பாள். சும்மாதான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெட்கமாக இருக்கும். ஆகவே ஏதாவது காரணம் கிடைக்கும்வரை எடுக்கமாட்டேன்.

அன்று மத்தியானம் திரையின் மூலையில் மகளின் பிறந்தநாள் என்று காட்டியது. வந்த சந்தோஷத்தில் திகதியைத் தள்ளி வைத்ததே நினைவில்லை. உடனே எடுத்து வாழ்த்தினேன். கேக் வெட்டியாச்சோ என்றும் கேட்டேன்.

"அப்பா, அதுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு."

கணினி, திகதி, பரிசோதனை என்று நான் சொன்ன எதுவும் அவளுக்கு ஏறவில்லை. "நீங்க எங்கையும் போகாதேங்கோ. நான் வாறன்," என்றாள்.

வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், மருந்துகளைப் பார்த்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பிறகு பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அப்பா, இண்டைக்கு என்ன கிழமை? சொல்லுங்கோ பாப்பம்."

எனக்குத் தெரியும். காலையில்தான் குப்பை வண்டி வந்து போயிருந்தது. பிழையாகச் சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வெள்ளி என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாரத்துக்கு ஒருதரமாவது வருவாள். இப்படிப் பக்கத்தில் இருப்பாள். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"செவ்வாய்," என்றேன். கணினியையும் அவள் பக்கம் திருப்பினேன். "ஒரு மாசம் முன்னுக்கு வைச்சிருக்கிறன், பார்."

அவள் குனிந்து பார்த்தாள். முகம் தெளிந்து சிரித்தாள்.

"பயப்படுத்திப் போட்டீங்கள் அப்பா," என்று என் கையை விட்டுவிட்டு, எழும்பி, கைப்பைக்குள் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினாள்.