இரண்டும் ஊதா

குழல்விளக்கை அவர் நம்புவதில்லை. காகிதத்தைச் சன்னலோரம் கொண்டுபோய், வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறை.

"கறுப்புதாம்மா, நல்ல கறுப்பு," என்கிறார் மெஷின் ஓட்டுகிறவர். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவருடைய பொறுமை எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

"கறுப்புலயும் கறுப்பு இருக்குண்ணே. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

தினமும் காலையில் ஆட்டோகிளேவ் என்கிற ஆவி மெஷினுக்குள் வேறெதையும் வைக்காமல், ஒரு துணிக்கட்டின் நடுவில் இந்தக் காகிதத்தைச் செருகி ஒரு ஓட்டம் விடுவார்கள். காகிதத்திலுள்ள மஞ்சள் கோடுகள் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி கறுத்திருந்தால், உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறி, ஆவி மூலைமுடுக்கெல்லாம் புகுந்திருக்கிறது என்று பொருள். நடுவில் ஒரு பொட்டளவு வெளுத்திருந்தாலும் அன்றைக்கு மெஷினைத் தொட விட மாட்டார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குச் சந்தேகக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே விழிப்பார்.

மேல்மாடியில் ஆபரேஷன் தியேட்டர், அதற்கு நேர் கீழே இவருடைய அறை. ரத்தமும் சதையுமாய் இறங்கி வருகிற கத்தி, கத்தரி, இடுக்கிகளைத் தேய்த்துக் கழுவி, ட்ரேயில் அடுக்கி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, ஆளுயர மெஷினுக்குள் தள்ளி, ஆவியில் வேகவைத்து மேலே அனுப்புகிற இடம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் இவர் ஒருவர்தான்.

வயது ஐம்பத்தொன்று. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். வளையல், மோதிரம் எதுவும் கிடையாது. வலது முன்கையில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு, மெஷின் கதவின் விளிம்பு போட்டது. கேட்டால், "அதுவும் ஒரு டெஸ்டுதான். சூடு சரியா இருந்துச்சு," என்பார்.

மெஷினிலிருந்து வந்த ட்ரேக்கள் ஆறிய பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லுமாம், புறங்கை சொல்லாதாம். துணி ஈரமாக இருந்தால் அவ்வளவுதான், அந்த ட்ரே திரும்பவும் மெஷினுக்குப் போகும். ஒருநாள் மேலேயிருந்து போனில் கத்தினார்கள், கொஞ்சூண்டு ஈரத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று. "ஈரம்னா ஈரந்தான் சிஸ்டர். கிருமிக்கு அது ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போதும் இடது கை பதிவேட்டின் மேல்தான் இருக்கும். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு நினைப்பு. அதை யார் தூக்கப்போகிறார்கள்!

சந்தேகம் வீட்டுக்கும் கூடவே வரும். குக்கரில் ஆவி நேராகச் சீறி வருகிறவரை வெயிட் போட மாட்டார். "காத்து வெளிய போகட்டும். காத்து உக்காந்திருக்கற இடத்துக்கு ஆவி போகாது," என்று அரிசிக்குப் பாடம் நடத்துவார். டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், கடைக்காரருக்கே தன் பிழைப்பின் மேல் சந்தேகம் வந்துவிடும். கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "கல்யாணத்தன்னிக்கு என் கையப் பிடிக்கறதுக்கு முன்னாடி டேப் ஒட்டிப் பாத்தவ உங்கம்மா," என்று மகளிடம் சொல்வார். டேப்பில் வெளிறியிருக்கிற கோடுகள் ஆவியின் சூடு பட்டால் கறுத்துவிடும், அதைத்தான் சொல்கிறார். மகள் சிரிப்பாள். சந்தேகக்காவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே மகள் கையிலிருந்து காய் நறுக்குகிற கத்தியை வாங்கிப் பிடியின் இடுக்கைப் பார்ப்பார்.

இதெல்லாம் அதிகாரம் செய்கிற ஆசை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை, பயம்தான். சுத்தமான பயம். "நம்ம வேலையில தப்பு நடந்தா அது நம்ம கண்ணு முன்னாடி நடக்காதுங்க. பத்து நாள் கழிச்சு யார் வீட்டுலயோ காய்ச்சலா வரும். அவங்களுக்கு நம்மளத் தெரியாது, நமக்கு அவங்களத் தெரியாது," என்று ஒருமுறை சொன்னார். சொன்னபோது குரல் கீழே போய்விட்டது.

அதனால் டேப், காகிதம், மெஷின் துப்புகிற வெப்பச் சீட்டு எல்லாம் சேர்ந்தும் அவருக்குப் போதாது. கடைசி வார்த்தை குப்பிகளுடையது. சுண்டுவிரல் நீளம், உள்ளே ஊதா நிறத் திரவமும் சூட்டுக்கு லேசில் சாகாத கிருமியும். ஒரு குப்பி ட்ரேக்களோடு மெஷினுக்குள் போகும். அதன் ஜோடி வெளியிலேயே இருக்கும். பிறகு இரண்டையும் ஒரு சின்னச் சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் அடைகாக்க வைக்க வேண்டும். மெஷினுக்குப் போய்வந்தது ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்தது. போகாதது மஞ்சளாக மாற வேண்டும். அது மாறினால்தான் கிருமி உயிரோடு இருந்தது, பெட்டியும் ஒழுங்காகச் சூடு கொடுத்தது என்று தெரியும். "செத்தது செத்திருக்கணும், உசுரோட இருக்கறது உசுரோட இருக்கணும். ரெண்டுல ஒண்ணு மாறினாலும் நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்." குப்பிகள் பதில் சொல்லாமல் ஒரு ட்ரேகூட மேலே போகக் கூடாது என்பது, அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விதி.

போன வருடம் ஒருவர் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேஜை விசிறியைச் சொருகினார். வெக்கை தாங்கவில்லையாம். சந்தேகக்கா எழுதிக் கொடுத்த கையோடு அவரைத் துணி துவைக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்த சாக்கெட்டுக்கு மேலே சிவப்பு மையில் ஒரு அட்டை தொங்குகிறது: 'இதைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும்…' வாக்கியம் அவ்வளவுதான். மீதியை அவரவர் நிரப்பிக்கொள்ளலாம்.

போன மாதம் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானது, இதே ஆஸ்பத்திரியில். அதற்கு முன்பே இரண்டு தேதிகள் தள்ளிப்போயிருந்தன. ஒருமுறை சர்க்கரை ஏறியிருந்தது, ஒருமுறை இருமல். "குடல் உள்ள மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்தாயிடும். இழுத்துக்கிட்டே போகாதீங்க," என்று பெரிய டாக்டர் எச்சரித்திருந்தார். பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். பள்ளிக்கூட விடுமுறையோ முடியப்போகிறது. சந்தேகக்காவுக்கு அந்த வாரம் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. நின்றால் கணவர் நினைப்பு, உட்கார்ந்தால் கணவர் நினைப்பு.

ஆபரேஷன் நாள் விடிந்தது. மொத்தம் நான்கு பேர், நான்கும் வயிற்று ஆபரேஷன், நான்கு ட்ரே. சர்க்கரைக்காரர் என்பதால் கணவர்தான் லிஸ்டில் முதல் ஆள். சந்தேகக்கா வார்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். "எச்சில் முழுங்கலாமா, இல்ல அதுக்கும் உன் கையெழுத்து வேணுமா?" என்று கேட்டு அனுப்பினார் மனிதர். கீழே வந்தவர் பெட்டியைத் திறந்து, மெஷினுக்குப் போய்வந்த குப்பியை எடுத்து வெயிலில் பிடித்தார். நல்ல ஊதா. கையெழுத்துப் போட்டார். நான்கு ட்ரேக்களும் சாமான் லிஃப்டில் மேலே போயின.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவேட்டை மூடப்போனார். இரண்டாவது குப்பிக்கான கட்டம் காலியாக இருந்தது. அடடா, அதைப் பார்க்கவே இல்லையே என்று எடுத்தார். அதுவும் ஊதா.

பெட்டியின் மேல் கையை வைத்தார். ஜில்லென்று கிடந்தது. அதன் பிளக் மேஜை மேல் அநாதையாகக் கிடந்தது. சாக்கெட்டில், சிவப்பு அட்டைக்கு நேர் கீழே, ஒரு செல்போன் சார்ஜர். அவருடையதேதான்.

முந்தின நாள், குப்பிகளைப் பெட்டியில் வைத்த கொஞ்ச நேரத்தில், கணவரின் சர்க்கரை எவ்வளவு என்று வார்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்வதாக இருந்தார்கள். செல்லில் சார்ஜ் இல்லை. பத்தே நிமிடம் என்று சொருகினார். அழைப்பு வந்தது. சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். செல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடியவர் ஓடியவர்தான். ஊருக்கெல்லாம் சட்டம் எழுதி ஒட்டிய கை!

காகிதம் கறுத்திருந்தது, வெப்பச் சீட்டும் சரி. ட்ரேக்கள் அநேகமாகச் சுத்தமாகத்தான் இருக்கும். கட்டத்தில் 'மஞ்சள்' என்று நாலே எழுத்து எழுதினால் ஈ காக்காய்க்குத் தெரியாது. மறைப்பானேன், பேனா மூடியைக் கழற்றவும் செய்தார். துணி துவைக்கப் போனவரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. மேலே கணவர், அவருக்குப் பின்னால் யார் பெற்ற பிள்ளைகளோ மூன்று பேர். பேனாவை மேஜையில் போட்டுவிட்டுப் படியில் ஏறினார். ஏறினார் என்ன, விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

தியேட்டர் சிஸ்டர் முதல் ட்ரேயின் டேப்பில் கை வைத்திருந்தார். "பிரிக்காதீங்க சிஸ்டர்! ரெண்டும் ஊதா!"

சிஸ்டர் கையை எடுத்துவிட்டார். பெரிய டாக்டர் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டேப் கறுத்திருக்கில்ல?" என்றார்.

"கறுத்திருக்கு டாக்டர்."

"அப்புறம் என்னம்மா?"

"சூடு பட்டிருக்குன்னு தெரியும். கிருமி செத்துச்சான்னு எனக்குத் தெரியாது. நேத்தே சூட்டுப்பெட்டியோட பிளக்கப் பிடுங்கிட்டாங்க."

"யாரு?"

"நான்தான் டாக்டர்."

டாக்டர் முழங்கையால் குழாயை மூடினார். "இப்பவே திரும்ப ஓட்டினா?"

"ஓட்டலாம். பதில் நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு நான் இங்க இல்லையே." அவர் கோபத்தை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "எழுதிக் கொடுத்துடுங்க, யார் பண்ணதுன்னும் சேத்து."

"கொடுத்துடறேன்."

முந்தாநாள் ஓட்டி, குப்பிகள் இரண்டும் ஒழுங்காகப் பதில் சொன்ன ட்ரே ஒன்றே ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது. "லிஸ்ட்படி போங்க," என்றார் டாக்டர். "முதல் ஆளுக்கு அதப் பிரிங்க. ரெண்டாவது அந்தப் பித்தப்பைப் பொண்ணு, ஊசியப் போட்டு அடுத்த வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்க வெப்போம். மத்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகட்டும்."

சிஸ்டர் சந்தேகக்காவின் காதருகே வந்தார். "முதல் ஆள் உங்க வீட்டுக்காரர்தான்க்கா. நீங்களா மாத்தல, லிஸ்ட்லயே அப்படித்தான் இருக்கு. யார் என்ன சொல்லப் போறாங்க? வாயத் திறக்காம இருங்க."

வெளியே நடையில் இரண்டு தள்ளுகட்டில்கள். ஒன்றில் பச்சைத் தொப்பியும் பச்சை அங்கியுமாகக் கணவர். அடுத்ததில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, மூன்று நாளாக வலி, ஒருக்களித்துச் சுருண்டு விலாவை அமுக்கிக்கொண்டிருந்தாள். சீருடையைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள். "அக்கா, எனக்கு அடுத்ததுதானே? சீக்கிரம் கூப்பிட்டுடுவாங்கல்ல?"

சந்தேகக்கா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். கணவரிடம் குனிந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பிளக், சார்ஜர், ஒரே ட்ரே, அந்தப் பெண், எல்லாம்.

"இத்தனை வருஷமா ஊரையே சந்தேகப்பட்டே. உன்னை மட்டும் விட்டுட்டியே," என்றார் கணவர். மனைவியின் கண்கள் நிறைந்ததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சரி விடு. எனக்குத்தான் ட்ரே இருக்குல்ல? அப்புறம் ஏன் அழற?"

சந்தேகக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். அந்தப் பெண் போர்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றார் சந்தேகக்கா. "தண்ணி குடிக்கறீங்களா?"

தியேட்டர் வாசலில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி. ஒரு வாய் உள்ளே போனாலும் அன்றைக்கு அந்த உடம்பில் கத்தி வைக்க மாட்டார்கள், அடுத்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள். கணவருக்கும் அது தெரியும். தொப்பியை இழுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கு," என்றார். பிறகு முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

சுவரோர மேஜையில் தியேட்டர் ஆட்களுக்கான தண்ணீர் ஜாடி இருந்தது. சந்தேகக்கா ஒரு டம்ளர் நிறைய ஊற்றினார். பாதித் தண்ணீர் பச்சை அங்கியில் சிந்தியது. மீதியை அவர் வாயில் வைத்து, கடைசி மடக்கு இறங்குகிறவரை, மற்றொரு கையால் அவர் பின்தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.