புஷ்பமக்காவின் பெயரில் வரும் ஈமெயில்

இறந்துபோன ஒருவரின் பெயரில் ஈமெயில் அனுப்பாதீர்கள் என்று ஒரு ஆபீஸுக்கு எந்த மொழியில் சொன்னால் விளங்கும்? எனக்குத் தெரியவில்லை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

புஷ்பமக்கா போய்விட்டார். புதன்கிழமை காலை. நெஞ்சு வலி என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனவர்... திரும்பவில்லை.

றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் அவர்களுடைய குழந்தைகள் எல்லாம் இவர் பொறுப்பு.

அந்தக் காம்பராக்களுக்குப் பால்மா கொடுக்கும் நிறுவனத்தில் நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இந்தப் பதிவை அவர்களும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

வெளிநாட்டு ஆதரவாளர்களுக்கு மாதாமாதம் ஒரு ஈமெயில் போகும். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அதை ‘இம்ப்ரூவ்’ பண்ணினார். வெறும் அறிக்கையை யாரும் திறப்பதில்லையாம். ஒரு முகம் வேண்டுமாம், அந்த முகமே எழுதுவதுபோல இருக்க வேண்டுமாம்.

முகம், புஷ்பமக்கா.

போட்டோ என்று சொன்னதால் அவர் திருவிழாச் சேலையில் வந்திருந்தார். அந்தச் சேலையோடு தலையில் கொழுந்துக்கூடையை மாட்டிவிட்டார்கள். மலையில் கொழுந்தெடுத்து நின்ற பெண்கள் சும்மா விடவில்லை.

“ஏ புஷ்பம், கல்யாண வீட்டுலயா கொழுந்தெடுக்கப் போற?”

“ஆமாடி, மாப்பிள்ள கேமராக்குள்ள இருக்காரு!”

அந்தப் படம்தான் இன்றுவரை போகிறது. கீழே: ‘கண்ணீருடன், புஷ்பம்.’

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தன் பெயரில் என்ன போகிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். கொழும்பில் வேலை செய்யும் மகள் தர்ஷினியின் ஈமெயில் முகவரியையும் சேர்க்கச் சொன்னார். வருவதையெல்லாம் மகள் போனில் தமிழாக்கிச் சொல்வாள்.

“மிஸ், இந்த மாசம் நான் பட்டினியாம். போன மாசம் எங்கூரு கூர பறந்துருச்சாம்” என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிறகு ஒரு மாதம் சிரிக்கவில்லை. காம்பராவில் ஒரு குழந்தை பசியில் மயங்கி விழுந்ததாக எழுதியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை.

“எங்கிட்ட விட்ட புள்ள பசியில விழுந்துச்சுன்னு எம் பேருலயே எழுதுவாங்களா? அந்தத் தாய்மாரு மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது? எம் பேர எடுத்துறச் சொல்லுங்க மிஸ்.”

சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். “அவங்க பேர்ல போனாத்தான் ஆக்கள் திறக்கிறாங்க, அக்கா” என்றார் கொழும்புக்காரர்.

புதன்கிழமை செய்தி வந்ததும் அவரைத்தான் போனில் கூப்பிட்டேன். இந்த மாதத்து ஈமெயிலையாவது நிறுத்துங்கள் என்றேன்.

“ஐயோ, ஸொறி அக்கா. அது ஷெடியூல் பண்ணியாச்சே... பாக்கிறேன். அவங்கட கடைசிப் படம் ஏதும் இருக்கா? ஒரு ட்ரிபியூட் போட்டா நல்ல ரெஸ்பான்ஸ் வரும்.”

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம், எல்லோரும் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அக்காவைத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வழக்கப்படி, லயத்து வீட்டு வரிசை திரும்பும் முடக்கோடு நின்றுவிட்டோம். அங்கிருந்தே கும்பிட்டோம். போய்வாருங்கள், அக்கா...

தர்ஷினியின் போன் சத்தம் போட்டது. பார்த்தாள். “அம்மா அனுப்பியிருக்காங்க மிஸ்” என்றாள்.

வழக்கம்போலத் தமிழில் சொன்னாள். காம்பராவில் பிள்ளைகள் இன்றும் பசியோடு இருக்கிறார்களாம். உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்று முடிந்தது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு தாய் என்னைப் பார்த்தாள். “இதுக்குப் பதில் எழுத முடியுமா மிஸ்? எழுதுங்க. எங்க புள்ளைங்க ஒண்ணுகூட புஷ்பக்கா கையில பசியாக் கெடக்கல. நாங்க சொல்றோம்னு எழுதுங்க.”

தர்ஷினியின் போனை வாங்கி, அந்தத் தாய் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய அதே நொடியில், தானாகவே ஒரு பதில் வந்தது.

‘உங்கள் அன்புக்கு நன்றி. கண்ணீருடன், புஷ்பம்.’