மாடு பார்க்கப் போனோம்

எனக்கு எழுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நானேதான் எழுதுகிறேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுடையது பல ஊர் சேர்ந்த நாடு. பக்கத்தில் இன்னொரு நாடு. நடுவில் கண்மாய்க்கரையில் ஒரு சின்ன ஊர். அது எங்களுக்குத்தான் என்று இரண்டு நாடும் அடித்துக்கொண்டன. அந்த ஊரோ யாருக்கும் கோயில் வரி கட்டாமல் தனியாக நின்றது. எங்கள் நாட்டுக் கூட்டம் கட்டுப்பாடு போட்டது. அங்கே மாடு வாங்கலாம், கடலை விற்கலாம். நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. போனால் ஒதுக்கிவைப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான், கடலை லோடு மட்டும் போகிறது.

அப்பாவின் ஒரே தங்கை அதற்கு முன்பே அங்கே வாழ்க்கைப்பட்டவள். நான் இரண்டாவது படிக்கையில், அந்த அத்தை பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் பெண்ணைச் சுடுகாட்டுக்குத் தூக்கமாட்டார்கள். போர்த்த வேண்டியவர் அண்ணன். அப்பா பெரியவர்களிடம் போய் நின்றார். கோடி போனால் அந்த ஊரை ஒத்துக்கொண்டதாகிவிடும், மாடு பார்க்கப் போவதானால் போ என்றார்களாம்.

அம்மா புதுச்சேலையை மடித்து என் பாவாடைக்கு மேல் சுற்றினாள். "அத்தையோட மாமியா கேட்டா அவுத்துக் குடுத்துரு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். எனக்குச் சேலை கட்டிய பெருமை. அப்பா தோளில் மாட்டுக் கயிறு. கண்காணிக்க எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் கூட நடந்தார்.

"மாடு புடிக்கப் போறதுக்குப் புள்ளைக்கு எதுக்குண்ணே சீலை?"

"ஆசைப்பட்டுச்சுப்பா" என்றார் அப்பா.

சாவு வீட்டில் மாமியார் என்னை உள்ளே இழுத்து, சேலையை உருவி அத்தை மேல் போர்த்தினாள். அண்ணன் வரவில்லையா என்று ஒருத்தி கேட்டாள்.

"வராம என்ன? எதுத்த வீட்டுல மாட்டுக்கு வெலை பேசுறாரு" என்றாள் மாமியார்.

அழுதுகொண்டே வெளியே ஓடினேன். எதிர்வீட்டுத் தொழுவில் அப்பா ஒரு காளையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். பாடை தெருவைத் தாண்டும்வரை நிமிரவே இல்லை.

"என்னண்ணே, புள்ள சீலையக் காணோம்?" என்று குனிந்த ஊர்க்காரர், அப்பா முகத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவர் யாரிடமும் அதைப் பேசவில்லை.

தங்கச்சியைத் தூக்கிப் போகிறார்கள், இவருக்கு மாட்டுப் பல்தானா என்று எனக்கு ஆங்காரம். வீடு வரும்வரை அப்பா கையைப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர் ஏன் வாயை மூடினார் என்பதும் அன்றைக்கு விளங்கவில்லை.

ஏத்தா பேத்தி, இங்கிட்டு வா. எழுதி முடிச்சுட்டேன், மொதல்லேருந்து வாசி, கேக்குறேன்.