நாத்தனாரின் பவளத்துக்கு ஒரு விளக்கு

மீன்தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அதன் விளக்கு போய்விட்டது. போட்டு உடைத்தவர் என் கணவர். சுவா சூ காங்கில் தன் தங்கை வீட்டிலிருந்து உட்லண்ட்ஸில் எங்கள் வீடு வரை வேனில் உட்கார்ந்து, வாளித் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தவர், கடைசியில் விளக்கைத் தொட்டியின் மேல் மாட்டும்போது கையை நழுவவிட்டார். அது உப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. வீடே ஒரு நொடியில் இருண்டது. மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டதும் மின்விசிறி சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது, அந்த விளக்கு மட்டும் எழவில்லை.

தொட்டி என் நாத்தனாருடையது. அலுவலகத்தில் அவளை ஆறு மாதத்துக்குப் பெர்த்துக்கு அனுப்பியிருந்தார்கள். அறுபது லிட்டர் கடல் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு பவளம். எனக்குப் பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்தான். இதுவோ உயிருள்ள பவளம். கல் போன்ற தண்டின் நுனியில் விரல் விரலாக நீண்டு, தண்ணீரோடு ஆடிக்கொண்டிருக்கும்; அந்தக் கொத்துக்குத் தலை என்று பேர். விவாகரத்து ஆன வருடம் ஒரே ஒரு தலையோடு வாங்கி வந்து, நான்கு ஆண்டில் ஐந்து தலையாக வளர்த்திருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீன் போனாக்கூடப் பரவால்ல அண்ணி. இது மட்டும் உயிரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"போன் பண்ணிச் சொல்லிடறேன். என்ன லைட்டு, எங்க கிடைக்கும்னு அவளே சொல்லுவா" என்றார் கணவர்.

"வேணாம்" என்றேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன், சின்னத்தனமாகத்தான் இருக்கும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மணி பிளாண்ட் காய்ந்து கிடந்ததைப் பார்த்து அவள், "அண்ணி கைல செடி நிக்காதுலா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மணி பிளாண்டைக் கொல்லத் தனித் திறமை வேண்டும் என்று மாமியார் வேறு ஒத்து ஊதினார். அன்றிலிருந்து அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. வந்த முதல் நாளே விளக்கை உடைத்துவிட்டோம் என்று அவளிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை.

தவிர, வெளிச்சத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்கிற திமிரும் இருந்தது. தேக்கா கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் கப்பல் பட்டறைத் தம்பிகளும் கட்டுமானத் தம்பிகளும் வரிசை கட்டி நிற்பார்கள். இருட்டறையில் உட்கார வைத்து, இந்தக் கண்ணாடியா அந்தக் கண்ணாடியா என்று நாள் முழுக்கக் கேட்பவள் நான். ஒரு மீன்தொட்டிக்கு விளக்கு வாங்கத் தெரியாதா?

நாத்தனார் வீட்டில் அந்தத் தொட்டி எப்போதும் நீலமாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். பவளம் அதில் பச்சையாக மின்னும். அந்த நீலத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். தேக்காவில் புடவை எடுக்கிற எந்தப் பெண்ணும் கடை விளக்கை நம்ப மாட்டாள். தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பாள். நீல விளக்கும் அந்த மாதிரி ஏமாற்று வேலைதான் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி மின்சாதனக் கடை வைத்திருக்கும் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கடலுக்கு மேல என்ன தங்கச்சி இருக்கு? சூரியன். அது என்ன நீலமாவா எரியுது? இந்தாங்க, வெள்ளை. பகல் மாதிரி இருக்கும்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது. கிளிப் போட்ட அந்த வெள்ளை விளக்கை வாங்கிப்போய் மாட்டினேன். தொட்டி பளிச்சென்று ஆனது. பவளத்தின் பச்சை காணாமல் போய் வெறும் பழுப்பு தெரிந்தது. பார்த்தீர்களா, இதுதான் அதன் உண்மையான நிறம் என்று கணவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இரண்டே வாரத்தில் கண்ணாடி, கல், குழாய் எல்லாவற்றிலும் பாசி. டீத்தூளைக் கொட்டிக் கலக்கியது போல் ஒரு படலம். காலையில் சுரண்டினால் மாலையில் திரும்ப வந்துவிடும். வேலை முடிந்து வந்து, முழங்கை வரை உப்புத் தண்ணீரில் விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று கணக்கே இல்லை. பவளம் வேறு விரல்களைச் சுருக்கிக்கொண்டு முகம் கொடுக்க மறுத்தது.

வேறு வழியில்லாமல் விடுமுறை நாளில் பூன் லே பக்கம் இருக்கும் ஒரு கடல்மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர். என் வயதுதான் இருக்கும், ஆனால் வாய்க்கு வாய் ஆண்ட்டி என்றார். ஒரே அளவில் மூன்று விளக்குகளை எடுத்து வைத்து, அலைநீளம் அது இது என்று அவர் விளக்கத் தொடங்கியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எதை வாங்கினால் பவளம் சாகாது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். நடுவில் இருந்ததைத் தள்ளினார். பெரும்பாலும் நீலம், கொஞ்சம் வெள்ளை, இரண்டையும் தனித்தனியாகக் கைபேசியிலேயே கூட்டலாம், குறைக்கலாம். முதல் வாரம் இருபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பிறகும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டேன். தலையையும் ஆட்டினேன்.

வீட்டில் இருபதில் வைத்துப் பார்த்தால் மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இந்த மங்கலுக்கா பூன் லே வரை அலைந்தேன் என்று எரிச்சல் வந்தது. நாற்பதாக்கினேன். அதுவும் போதவில்லை. அறுபது. நான்காம் நாள் நூறு. இப்போதுதான் நாத்தனார் வீட்டில் பார்த்த அதே மினுமினுப்பு வந்தது, சொல்லப்போனால் அதைவிடக் கூடுதலாக. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்து, கராவோக்கே பாட்டுக்கூடம் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். ஞாயிறு மாலை நாத்தனார் வீடியோவில் அழைத்தாள். போனைத் தொட்டிக்கு நேராகக் காட்டினேன்.

"அண்ணி, செமயா மின்னுதுலா" என்றாள். விளக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் எனக்கு விடுமுறை. காலையில் விளக்கு எரியும் முன்பே எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். பகல் வெளிச்சத்தில் பவளம் வெளுத்திருந்தது. ஓரிரு தலைகளில் விரல்களே இல்லை, எலும்புதான் துருத்திக்கொண்டிருந்தது. அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெளிச்சம் பற்றாமல்தான் வாடுகிறது என்று நினைத்து, விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரமாக்கினேன்.

மறுவாரம் கடைக்கு ஒருவர் வந்தார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் பூச்சு எதற்கு என்று கேட்டார். நான் வழக்கமாக ஒப்பிக்கிற பதிலை ஆரம்பித்தேன்.

"நம்ம கண்ணுக்கு நீலம் மங்கலாத்தான் தெரியும் சார். எவ்வளவு விழுதுன்னு பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கொஞ்சமா இருக்குன்னு நினைப்போம், ஆனா..."

படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது. பத்தொன்பது வருடமாக அதைச் சொல்லி விற்றுக்கொண்டும் இருக்கிறேன். தொட்டி முன்னால் நின்றபோது மட்டும் என் கண்ணுக்குப் போதவில்லை என்று நூறுக்கு ஏற்றியிருக்கிறேன். பவளத்தை நான் பட்டினி போடவில்லை. எரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னாச்சு மேடம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு பூச்சைப் பற்றி அச்சடித்த தாளை எடுத்து நீட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் விளக்கை இருபதுக்கு இறக்கினேன். மங்கலான நீலத்தில் பவளம் மெலிந்து தெரிந்தது. கஞ்சத்தனமாக ஆடியது. குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தால் போன் அடித்தது, நாத்தனார். எடுப்பதற்கு முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் தெரிந்த பிறகும், விளக்கை மறுபடி நூறுக்கு ஏற்றினேன். அந்த மினுமினுப்பில் வெளுப்பும் எலும்பும் போனில் தெரியாது; அவள் கண்ணில் அது மின்ன வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணி, இங்கயே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நானும் சரின்னுட்டேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும். என்னைவிட நீங்க நல்லா வச்சிருக்கீங்க" என்றாள்.

அந்தப் பாராட்டை என்னால் விழுங்க முடியவில்லை. சாகிற ஒன்றைக் காட்டி அதைப் பரிசாக வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நீலத்தை முழுக்க அணைத்து வெள்ளையை ஏற்றினேன். ஹால் ட்யூப் லைட்டையும் போட்டேன். போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"இது என் லைட்டு இல்லையே" என்றாள்.

"இல்லம்மா. கொண்டுவந்த அன்னிக்கே உங்கண்ணன் தண்ணிக்குள்ள போட்டுட்டாரு."

"மூணு மாசமாச்சே அண்ணி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட கேக்க எனக்கு மனசு வரல" என்றேன். அதற்கு மேல் பூசி மெழுகத் தெம்பில்லை.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவளோ போனைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

"பின்னாடி ஒண்ணு பழுப்பா இருக்கு, தெரியுதா? அந்தப் பழுப்புதான் அதுக்கு உயிரு. அந்த ஒண்ணு பிழைச்சுக்கும். இருவதுல வச்சுட்டு, அப்படியே விட்டுடுங்க."

கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, நிழல் விழுகிற இடத்தில் ஒரே ஒரு தலை. அதில் அசிங்கமான பழுப்பு நிறத்தில் நாலைந்து விரல்கள். இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"மத்தது?" என்று கேட்டேன்.

"கட் பண்ணாதீங்க அண்ணி. போனை அப்படியே புடிச்சுட்டு இருங்க, கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்" என்றாள்.

பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. சமையலறையில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் நகரவில்லை.