இரண்டாவது மேடையில் ரோல்ஸ்

என் சித்தப்பா பெரிய நடிகர் என்பதை சிட்னியின் மெரிலேண்ட்ஸில் என்னைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. சித்தி அவரைக் கட்டியபோது அசாம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்கள் வீட்டார் வரைபடத்தில் தேடினார்கள். அங்கே ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நாடகம் போடும் குழுவில் மூங்கில் சுமக்கச் சேர்ந்து, கதாநாயகனாகி, பிறகு நெறியாளரும் ஆனவர் அவர். இங்கே பார்சல் கிடங்கில் வேலை. அப்பாவுக்கு அவர் வெறும் 'சித்தியின்ர ஆள்'.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் சித்தப்பாவுக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. விழாக் குழுத் தலைவர் அப்பாதான். சித்தியின் நச்சரிப்புத் தாங்காமல் சம்மதித்தார். "நாடகத்திலை ஏதும் பிழை வந்தால் இதுதான் கடைசி" என்று முகத்துக்கு நேரே சொன்னார். சித்தப்பா, "ஓம் அண்ணா" என்றார்.

நாடகம் ஆற்று வெள்ளத்தில் வீடிழந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. நான் தோணிக்காரனின் மகள். சித்தப்பாவின் ஊர்க் கூடாரங்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடைகள் இருக்குமாம். ஒன்றில் விளக்கணைந்ததும் மற்றதில் அடுத்த காட்சி தொடங்கிவிடும். எங்கள் மண்டபத்தில் இருந்ததோ ஒரே மேடை. அதனால் நாலு நீள மேசைகளைப் பக்கத்தில் சேர்த்துத் துணி விரித்தார். "ஒரு மேடை நித்திரை கொண்டால் மற்றது முழிச்சிருக்க வேணும்" என்பார், சித்தியிடம் படித்த தமிழில்.

ஆனால் நம்மவர்களின் விழாவில் துணி விரித்த நீள மேசை எதற்கு இருக்கும்? முதல் காட்சி நடக்கும்போதே, அந்த இருட்டில் அன்ரிமார் சாப்பாட்டை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வீடு வெள்ளத்தில் போயிற்று. விளக்கணைந்தது. அடுத்த காட்சியான அகதி முகாமுக்காக மேசைகளின் பக்கம் வெளிச்சம் வந்தபோது, அங்கே பொரித்த ரோல்ஸ் தட்டோடு ஓர் அன்ரி நின்றார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மூட்டையோடு வந்த நான் விறைத்துப் போனேன். முன்வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நாடகத்தில் பாத்திரமே இல்லாத சித்தப்பா, போத்தல் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரை மறைவிலிருந்து வெளியே வந்தார். தன் மொழியில் மெதுவாக ஒரு வரி சொன்னார். பிறகு அன்ரியின் முன்னால் இரண்டு கைகளையும் ஏந்தினார். என்ன செய்வதென்று தெரியாத அன்ரி, அந்தக் கைகளில் ஒரு ரோலை வைத்தார்.

"சாப்பிடுங்கோ தம்பி."

சித்தப்பா அதைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்துவிட்டு, மிச்சத்தை மெல்ல மெல்லச் சாப்பிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒருவர் விம்முவது கேட்டது. பிறகு அத்தனை பேரும் கதிரைகளை விட்டெழுந்து கைதட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெரிந்தவர்களிடம்கூட "இவர் என்ர சித்தப்பா" என்று சொல்லித் திரிந்தேன். அதற்குப் பிறகு சிட்னியில் அவர் எத்தனையோ நாடகங்களை மேடையேற்றிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் போய் இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அன்று திரைக்குப் பின்னால் அப்பா வந்தார். சித்தப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. அகதி முகாமிலை ஒரு துண்டுப் பாணுக்கு வரிசையிலை நிண்டனான்..."

அழத் தொடங்கிவிட்டார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. பாவம், பசி போலும் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு ரோல் எடுத்து வந்து நீட்டினேன். அதைக் கண்டதும் அவர் ஏன் இன்னும் கூடுதலாக அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை.