பச்சைப் பெட்டிக்குப் பூசிய மஞ்சள்

தேவநாதன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில் வைக்கப்போகிறார் என்றதும் விழுப்புரம் கோர்ட்டே சிரித்தது. கேஸ் கிடைக்காத வக்கீல் கடை வைப்பது உண்டு. கட்சிக்காரர்கள் வாசலில் காத்துக்கிடக்கிற வக்கீல், கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் தூசியில் போய் நிற்பாரா?

குறுக்கு விசாரணையில் அவர் புலி. அந்தப் புலி கடைசியாகக் கடித்தது பெரியசாமி என்ற குடியானவரை. வரப்புத் தகராறு ஒன்றில் கண்ணால் கண்டதைச் சொல்ல வந்த மனிதர் அவர். எந்த மாசம் என்று கேட்டதற்கு, "மல்லாட்டை புடுங்க சொல்லோங்க" என்றார், பிடுங்கும்போது என்ற அர்த்தத்தில். எந்த மல்லாட்டை, மானாவாரியா, இறவையா, இரண்டுக்கும் மாசம் வேறாயிற்றே என்று பிடித்துக்கொண்ட தேவநாதன், உண்மை பேச வந்தவரைப் பொய்யராக்கித்தான் விட்டார். கேஸ் ஜெயித்தது. பெரியசாமிக்கு ஊரில் 'பொய்சாட்சி' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. மகளுக்கு வந்த சம்பந்தமும் தட்டிப்போனது. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் 1934இல் தேவநாதன் திண்டிவனம் வந்து மில்லைத் தொடங்கினார்.

எடையில் கை வைக்கமாட்டார் என்ற பேரே வியாபாரத்தைக் கொண்டுவந்தது. விக்கிரவாண்டியிலிருந்துகூட வண்டிகள் வந்தன. 1938இல் பஞ்சாயத்து போர்டுக்கு நின்றார். மேட்டுத் தெருவுக்குக் குழாய் கொண்டுவருவேன் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அந்தத் தெருப் பெண்கள் அப்போது ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அந்தத் தேர்தலில் ஆளுக்கொரு நிறப் பெட்டி. மறைப்புக்குள் தனியாகப் போய், வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். தேவநாதனுக்குப் பச்சை, எதிராளிக்கு மஞ்சள். "பச்சைப் பெட்டி" என்று தமுக்கடித்தே ஊரின் காது செவிடானது. ஆனாலும் சொற்ப ஓட்டில் மண்ணைக் கவ்வினார்.

மறுநாள் அவருடைய பழைய ஜூனியர் ஆறுதல் சொல்ல மில்லுக்கு வந்திருந்தார். அப்போது மேட்டுத் தெரு வெள்ளையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே வந்தாள். சொத்து பார்த்து ஓட்டுக் கொடுத்த அந்தக் காலத்தில், பிறந்த வீட்டு நிலம் அவள் பேரில் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு உண்டு.

"மொதல் ஆளா போனேங்க. நம்ம பச்சைப் பெட்டிக்கு முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வச்சி, வுழுந்து கும்புட்டுக்கினு வந்தேன். எனக்குப் பின்னாடி வந்த பொம்பளைங்களும் பூசினாளுங்க. அப்பிடியும் சாமி கைய வுட்டுடுச்சே!"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை. பிறகு போனவர்களுக்கு உள்ளே பச்சைப் பெட்டியே இல்லை, இரண்டும் மஞ்சள். ஜூனியர் துள்ளி எழுந்தார்.

"அண்ணே, இது போதும்! இவங்க கூண்டேறி இதையே சொல்லட்டும், எலக்ஷனே செல்லாது."

கூண்டில் அவளை என்ன கேட்பார்கள் என்று தேவநாதனுக்குத் தெரியாதா? யார் சொல்லிப் பூசினாய், என்ன வாங்கிக்கொண்டாய், இன்னொருவன் பெட்டியைப் போல ஆக்கியது என்ன சூது? ஒவ்வொரு கேள்வியும் அவருடைய வாயிலிருந்தே வரக்கூடியது.

"சாமி கைவிடலம்மா. ஓட்டு கம்மியாப் போச்சு, அவ்ளோதான்" என்றார் அவளிடம்.

"அடுத்த தபா தெருவையே கூட்டிக்கினு போய்ப் பூசிடறேங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"ஒரு பொய்சாட்சியை நான் உண்டாக்கினது போதும்பா" என்றார் ஜூனியரிடம். தேர்தலை எதிர்த்து மனுப் போடுகிற கெடு அப்படியே முடிந்துபோனது.

இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. யுத்தம் வந்து தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ஒருத்தியின் மானத்துக்காக ஒரு தெருவே கூடுதலாக எத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தது! அதில் வெள்ளையம்மாளின் இடுப்பும் ஒன்று. ஆனால் அவளைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அவரை மன்னித்திருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து வந்த தேர்தலில் ஜெயித்துத் தலைவரானார். மேட்டுத் தெருவில் குழாயும் வந்தது. அந்தத் தேர்தலுக்கு நிறம் கேட்டபோது அவர் மஞ்சளைக் கேட்டு வாங்கினார். தோற்கடித்த நிறமாயிற்றே என்று ஜூனியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளையம்மா வருவாங்கப்பா" என்றார் தேவநாதன்.